ராஜசாரஸை எழுப்பிய வரைபடம்

குஜராத்தில் பாலாசினோரை அடுத்த ரையோலி, சுண்ணாம்புக்கல் கிடைக்கும் ஊர். 1981-ல் அந்தப் பக்கத்து நிலத்தை அளந்து குறிக்கப் போயிருந்தார்கள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஜி.என். துவிவேதியும் டி.எம். மொகாபேயும். சிமென்ட் ஆலைக்குக் கல் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அவர்களிடம் சில கற்களைக் கொடுத்தார்கள். உருண்டையாக, ஒரே அளவில், வழக்கமான சுண்ணாம்புக்கல்லைப் போல இல்லாதவை. அவை டைனோசர் முட்டைகள்.

முட்டை கிடந்த படுகைக்கு மேலே, கூழாங்கல்லும் மணலும் சேர்ந்து இறுகிய இன்னோர் அடுக்கு இருந்தது. அதில் எலும்புகள் புதைந்திருந்தன. துவிவேதி தந்த தகவலின் பேரில் துறையின் மேற்கு மண்டலத் தொல்லுயிரியல் பிரிவு களத்தில் இறங்க, தோண்டும் பொறுப்பு சுரேஷ் ஸ்ரீவஸ்தவாவுக்கு வந்தது. 1982-83, 1983-84 என இரண்டு பருவங்கள் அவர் அங்கே வேலை செய்தார்.

எலும்புகளை எடுத்ததோடு அவர் நிற்கவில்லை. எந்த எலும்பு எந்த இடத்தில் கிடந்தது, அதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்று ஒரு வரைபடம் போட்டு வைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து ‘ராஜசாரஸ் நர்மதென்சிஸ்’ என்ற பெயரில் உலகம் அறிந்துகொண்ட அந்த ஊனுண்ணி டைனோசர், மண்ணிலிருந்து எழுந்து வந்தது 1980களில் என்று சொல்வது பாதி உண்மைதான். அந்த வரைபடத்திலிருந்துதான் அது முழுதாக எழுந்து வந்தது. கண்டுபிடிப்புக் கதைகளில் மண்வெட்டிக்கும் மண்டையோட்டுக்கும் கிடைக்கிற இடம், இந்த மாதிரித் தாள்களுக்குக் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டும்.

பெயர் வெட்டாத பாத்திரங்கள்

டைனோசர் எலும்பு என்றதும், தலை முதல் வால் வரை ஒழுங்காகப் படுத்திருக்கும் ஒரு கூட்டைத்தான் நாம் மனதில் நினைக்கிறோம். அப்படிக் கிடைப்பது அபூர்வம். நர்மதைப் பள்ளத்தாக்கின் லமேட்டா பாறைகளில் இன்னும் அபூர்வம். சுமார் 6.7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகளும் ஏரிகளும் சதுப்புகளுமாக இருந்த நிலம் அது. விலங்கு செத்து விழும். மற்ற மிருகங்கள் பிய்க்கும். அடுத்த வெள்ளம் வந்து மிச்சத்தை அள்ளிக்கொண்டு போகும். ஆறு வேகம் குறைகிற வளைவில், கூழாங்கற்களோடு எல்லாம் ஒன்றாகத் தங்கிவிடும். நெடுங்கழுத்துத் தாவரவுண்ணியின் முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஊனுண்ணியின் தொடையெலும்பு. அதனருகே வேறொரு விலங்கின் வால். ரையோலியில் இருந்தது இப்படிப்பட்ட குவியல்தான்.

நாலு கல்யாண வீட்டுப் பாத்திரங்கள் ஒரே கூடத்தில் வந்து குவிந்தால், விளிம்பில் வெட்டியிருக்கும் பெயரைப் பார்த்துப் பிரித்துவிடலாம். எலும்பில் யாரும் பெயர் வெட்டி வைப்பதில்லை. இந்த இடுப்பும் இந்தக் காலும் ஒரே உயிரினுடையவையா என்று சொல்ல அளவு, வடிவம், இரண்டும் பொருந்துகிற விதம் ஆகியவை உதவும். எல்லாவற்றையும்விட, அவை எவ்வளவு நெருக்கமாகக் கிடந்தன என்பது உதவும். அந்தக் கடைசித் தகவல் எலும்பில் இருக்காது. தோண்டும்போது குறிக்காவிட்டால், பள்ளத்தை மூடும்போதே அதுவும் போய்விடும்.

அப்படிப் போனதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் அலைய வேண்டாம். அதே நர்மதைக் கரையின் மேல்பக்கம், ஜபல்பூர் இருக்கிறது.

ஜபல்பூர் குன்றில் நடந்தது

இந்திய டைனோசர் வரலாறு தொடங்கியதே ஜபல்பூரில்தான். 1828-ல் வில்லியம் ஸ்லீமன் அங்குள்ள பாரா சிம்லா குன்றில் சில எலும்புகளைக் கண்டெடுத்தார். தக்கர்களை ஒடுக்கியவர் என்று நம் பாடநூல்கள் சொல்லும் அதே ஸ்லீமன்தான். ‘டைனோசர்’ என்ற சொல்லை ரிச்சர்ட் ஓவன் உருவாக்கியது 1842-ல். அதாவது, அந்தப் பெயரே பிறக்காத காலத்தில் நம் நாட்டு டைனோசர் எலும்பு வெளியே வந்துவிட்டது. கல்கத்தா போய்ச் சேர்ந்த அந்த வால் எலும்புகளை வைத்து 1877-ல் ரிச்சர்ட் லிடெக்கர் ‘டைட்டனோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். பிற்பாடு அவை எங்கே போயின என்றே தெரியாமல் போனது. கொல்கத்தாவில் ஆய்வுத் துறையின் சேகரிப்புக்குள்ளேயே அவற்றில் ஒன்று மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 2013-ல்தான் வெளியானது. அதைத் தேடி எடுத்தவர்களில் ஒருவர், ரையோலி முட்டைகளை அடையாளம் கண்ட அதே மொகாபே.

பாரா சிம்லாவில் முறையாகத் தோண்டியவர் சார்ல்ஸ் மாட்லி. 1917 முதல் 1919 வரை அங்கே நிறைய எலும்புகளை எடுத்தார். அவற்றில் ஓர் இடுப்புப் பகுதி, ஒரு கால் எலும்பு, தோலில் பதிந்திருக்கும் கவசத் தகடுகள் ஆகியவற்றை ஒன்றாக்கி, 1923-ல் ‘லமேட்டாசாரஸ்’ என்று ஒரு கவச டைனோசரை அறிவித்தார். பிறகு மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. இடுப்பும் காலும் ஊனுண்ணி டைனோசருடையவை. தகடுகள் வேறு விலங்குகளுடையவை. ஒரே விலங்கு என்று எழுதப்பட்டதற்குள் பல விலங்குகள் இருந்தன.

மாட்லியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இந்தியாவில் வேறொரு கூடு கிடையாது. 1933-ல் ஜெர்மானிய அறிஞர் ஃபிரெட்ரிக் ஃபான் ஹியூனவோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பெரிய நூலில் இண்டோசூகஸ், இண்டோசாரஸ் என்ற ஊனுண்ணிகளும் இடம்பெற்றன. எல்லாம் துண்டு துண்டாகக் கிடைத்தவை. யாருடைய தாடை, யாருடைய கபாலம் என்று இன்றுவரை வாதம் ஓயவில்லை. லமேட்டாசாரஸின் மூல எலும்புகளும் காணாமல் போய்விட்டதால், திரும்ப எடுத்துப் பார்த்து வாதத்தை முடிக்கவும் வழியில்லை.

ஆக, 2001 வரை இந்தியாவில் ஊனுண்ணி டைனோசர்களின் பெயர்கள் பல இருந்தன. ‘இவையெல்லாம் ஒரே உடம்பு’ என்று அடித்துச் சொல்லக்கூடிய கூடுதான் இல்லை.

இரண்டு இடுப்பெலும்புகளும் நடுவில் ஒன்றும்

2001-ல் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ரையோலி எலும்புகளை மறுபடி கையில் எடுத்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி வில்சன், சிகாகோ பல்கலைக்கழகத்தின் பால் செரினோ, பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் அசோக் சாஹ்னி, இவர்களோடு ஸ்ரீவஸ்தவா. வந்தவர்கள் முன்னால் இருந்தது சேகரிப்பு அலமாரிகளில் பிரித்து வைத்த எலும்புகளும், அந்த வரைபடமும்.

வரைபடத்தில் இடது இடுப்பெலும்பு ஓரிடத்தில் இருந்தது. வலது இடுப்பெலும்பும் அங்கேயே இருந்தது. இரண்டையும் சேர்க்கும் திரிக எலும்பும், அதாவது இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவாகும் அந்தக் கட்டையும், அருகில்தான் இருந்தது. அலமாரியில் தனித்தனியாக இருந்தவரை இவை மூன்று எலும்புகள். பக்கம் பக்கமாகக் கிடந்தவை என்று தெரிந்ததும், பொருத்திப் பார்க்கத் தோன்றுகிறது. இடதும் வலதும் ஒரே அளவு. நடுவில் திரிக எலும்பு உட்காருகிறது. ஒரே விலங்கின் இடுப்பு அது.

அந்த இடுப்பிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கிறது. தொடையெலும்பின் தலை அந்த இடுப்புக் குழிக்குள் சேருமா? சேர்ந்தால், அதன் கீழ்முனையோடு எந்தக் கணுக்கால் எலும்பு ஒத்துவரும்? வால் எலும்புகள் திரிக எலும்பின் பின்முனையிலிருந்து அளவில் படிப்படியாகச் சிறுத்துப் போகின்றனவா? ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டு, கடைசியில் மூளைப்பெட்டியோடு கூடிய மண்டையோட்டின் ஒரு பகுதி, முதுகெலும்புகள், இடுப்பு, பின்னங்கால்கள், வால் என்று 33 எண்களில் பதிவான ஒரு தனி விலங்கு தேறியது.

2003 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஆய்வுக் கட்டுரை மிச்சிகன் பல்கலைக்கழகத் தொல்லுயிரியல் அருங்காட்சியகத்தின் இதழில் வெளியானது. அரசன் என்ற பொருளில் ராஜா என்றும், நர்மதைப் பகுதியில் கிடைத்ததால் நர்மதென்சிஸ் என்றும் பெயர். செய்தித்தாள்கள் கொம்பை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தன. வரைபடம் உள்ளே ஒரு வரியில் வந்துபோனது.

நெற்றியில் ஒரு கொம்பு

கொம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது நிஜமாகவே அசாதாரணமானது. ராஜசாரஸின் மூக்கெலும்பும் நெற்றியெலும்பும் சேர்ந்து நடுத்தலையில் தாழ்வாக, மொத்தையாக மேலெழும்புகின்றன. ஒற்றைக் கொம்பு. மடகாஸ்கரில் வாழ்ந்த அதன் உறவினரான மஜுங்கசாரஸுக்கு நெற்றியெலும்பில் மட்டும் கொம்பு. அர்ஜென்டினாவின் கார்னோடாரஸுக்குக் கண்களுக்கு மேல் இரண்டு. மூன்றும் ‘அபெலிசாரிட்’ என்ற ஒரே குடும்பம். டைரனோசாரஸ் வட அமெரிக்காவில் ஆட்சி செய்த காலத்தில், தெற்கு நிலங்களில் அதன் வேலையைப் பார்த்தவை இவைதான். தலை குட்டை, கழுத்து தடிப்பு, முன்கைகள் ஒன்றுக்கும் உதவாத அளவுக்குச் சிறுத்தவை.

மஜுங்கசாரஸின் கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1979-ல் மடகாஸ்கரிலிருந்து கிடைத்த ஒரு தடித்த மண்டையோட்டுத் துண்டை ஆராய்ந்தவர்கள், அது முட்டி மோதும் தாவரவுண்ணி டைனோசருடையது என்று எழுதினார்கள். மேடாகப் புடைத்த தலை என்றால் அந்தக் குடும்பம்தான் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். 1996-ல் அதே தீவில் அருமையான ஒரு முழு மண்டையோடு கிடைத்தபோது, அந்தப் புடைப்பு ஓர் ஊனுண்ணியின் கொம்பு என்று தெளிவானது. சாதுவான தாவரவுண்ணி என்று பதினேழு ஆண்டுகள் ஏட்டில் இருந்தது, உண்மையில் அந்தத் தீவின் பெரிய வேட்டை மிருகம். அதன் எலும்புகளில் அதே இனத்தின் பற்கள் பதிந்த தடங்களைக்கூட 2003-ல் கண்டுபிடித்தார்கள்; சொந்த இனத்தையே தின்றிருக்கிறது. இந்தத் தெளிவு ராஜசாரஸ் ஆய்வுக்கு முன்பே வந்துவிட்டது நம் பாக்கியம். இல்லாவிட்டால், ரையோலி மண்டையோட்டின் மேட்டைப் பார்த்து யார் என்ன எழுதியிருப்பார்களோ!

மண்டையோட்டின் உட்பக்கமும் பேசுகிறது. மூளைப்பெட்டி என்பது மூளையைச் சுற்றி நிற்கும் கெட்டியான எலும்புக் கூடு. மற்ற எலும்புகள் நொறுங்கினாலும் இது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். நரம்புகள் வெளியேறும் துளைகள், காதின் உள்வளைவுகள் இருந்த இடம், பின்மண்டையில் கழுத்துத் தசை பிடித்திருந்த சொரசொரப்பு எல்லாம் அதில் இருக்கும். குடும்ப உறவைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் முதலில் புரட்டுகிற பக்கம் இதுதான்.

சரி, மிச்சத்துக்கு என்ன செய்வது? முன்கைகள் கிடைக்கவில்லை. தாடைகள் அந்தக் கூட்டோடு இல்லை. அருங்காட்சியகத்தில் வாயைப் பிளந்து நிற்கும் ராஜசாரஸின் தாடை, உறவினர்களிடமிருந்து கடன் வாங்கியது. தோல்? கார்னோடாரஸின் எலும்புக்கூட்டோடு தோல் பதிந்த தடங்களும் கிடைத்தன. செதில் உண்டு, இறகு இல்லை. ராஜசாரஸுக்கு ஓவியர்கள் போர்த்துவது அந்தத் தோலைத்தான். நிறம் முழுக்க ஓவியரின் விருப்பம். இதையெல்லாம் ஏமாற்று என்று நினைக்கத் தேவையில்லை. நெருங்கிய உறவினரை வைத்து நிரப்புவது இந்தத் துறையில் ஒப்புக்கொண்ட முறை. எது கிடைத்தது, எது நிரப்பியது என்று காட்டும் அருங்காட்சியகம் நல்ல அருங்காட்சியகம். சில இடங்களில் அசல் எலும்பை ஒரு நிறத்திலும் நிரப்பியதை வேறு நிறத்திலும் வைக்கிறார்கள். நம் ஊர் டைனோசர் பூங்காக்களில் கான்கிரீட் பொம்மைகளைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஒரு நேர்மையை நம் குழந்தைகளுக்கும் காட்டக்கூடாதா என்று ஆதங்கமாக இருக்கிறது.

நீளம் விஷயத்திலும் இதே கடன் கணக்குதான். 2003-ல் 7.6 முதல் 9 மீட்டர் வரை என்றார்கள். 2016-ல் பிரேசில் ஆய்வாளர்கள் இருவர் அபெலிசாரிட் குடும்பத்தின் உடல் விகிதங்களை ஒழுங்காகக் கணக்கிட்டு, 6.6 மீட்டர் என்று குறைத்தார்கள். எலும்பு அதேதான். ஒப்பிடும் உறவினர்கள் கூடக்கூட அளவு மாறுகிறது.

தனித்தீவாக இந்தியா

ராஜசாரஸ் வாழ்ந்த இந்தியா, ஆசியாவோடு ஒட்டாத தீவு. மடகாஸ்கரிலிருந்து பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அதன் பிறகு கடலில் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் அது நர்மதைப் பகுதியில் நடமாடியது. மடகாஸ்கரிலும் தென் அமெரிக்காவிலும் உறவினர்கள், ஆனால் வடக்கே மங்கோலியாவில் யாரும் இல்லை என்கிற குடும்பப் பட்டியலே, அந்தப் பழைய நிலத் தொடர்புக்குச் சாட்சி. தக்காண எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து நாட்டின் மேற்கை மூடியதும் இதை ஒட்டிய காலத்தில்தான். லமேட்டா பாறைகள் பெரும்பாலும் அந்த எரிமலைப் பாறைக்கு அடியில் அகப்பட்டுக் கிடக்கின்றன.

அந்த உலகில் ராஜசாரஸ் மட்டும் வேட்டையாடவில்லை. ரையோலி இருக்கும் அதே வட்டாரத்தில், தோலி துங்ரி என்ற இடத்தில் 1980களில் மொகாபே ஒரு பாறைப் பலகையை எடுத்தார். முட்டைகளும் ஒரு டைனோசர் குஞ்சின் எலும்புகளும் என்று கருதப்பட்டது. 2001-ல் அதைப் பார்த்த வில்சன், அங்கிருந்த முதுகெலும்புகளில் சில பாம்பினுடையவை என்று கண்டுகொண்டார். 2010-ல் வெளியான கட்டுரையில் அந்தப் பாம்புக்கு ‘சனாஜே இண்டிகஸ்’ என்று பெயர் வந்தது. சுமார் 3.5 மீட்டர் நீளப் பாம்பு, ஒரு முட்டையைச் சுற்றிச் சுருண்டிருக்கிறது. பக்கத்தில் அப்போதுதான் பொரிந்த நெடுங்கழுத்துக் குஞ்சு. கூட்டில் புகுந்து இரை பிடிக்கும் நேரத்தில் மண் வந்து மூடியிருக்கிறது.

எலும்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் பெட்டியில் போடாமல் பலகையாக எடுத்தார் மொகாபே. அவருக்கே அப்போது தெரியாத பாம்பைப் பின்னால் வந்தவர்கள் பார்க்க முடிந்தது அதனால்தான். ஸ்ரீவஸ்தவாவின் தாளும் மொகாபேயின் பலகையும் செய்தது ஒரே காரியம்: கிடந்த கோலத்தைக் காப்பாற்றியது.

ரையோலியின் மற்றவர்கள்

ராஜசாரஸின் எலும்புகளைத் தோண்டி எடுத்த பிறகும் ரையோலி அடங்கவில்லை. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990களில் அங்கே தோண்டி, குறைந்தது ஏழு ஊனுண்ணிகளின் எலும்புகளைச் சேர்த்தார்கள். குட்டிகளும் பெரியவையும் கலந்து கிடந்தன. 2010-ல் அந்த ஊனுண்ணிக்கு ‘ரையோலிசாரஸ் குஜராத்தென்சிஸ்’ என்று பெயர் வந்தது. ராஜசாரஸைவிடக் கால்கள் மெலிந்தவை என்பது பிரித்துச் சொன்னவர்களின் வாதம். இரண்டு பெரிய ஊனுண்ணிகள் ஒரே ஊரில், ஒரே காலத்தில் இருந்தனவா, அல்லது ஒரே இனத்தின் தடித்ததும் மெலிந்ததுமா என்ற கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் சொல்ல இன்னொரு கூடு வேண்டும்; கலக்காத கூடாக வேண்டும்.

ஊர்க்காரர்களுக்கு இந்தக் கற்கள் அன்றாடப் பொருள். பாலாசினோர் அரச குடும்பத்தின் ஆலியா சுல்தானா பாபி பல ஆண்டுகளாக அந்தப் புதைபடிவப் பூங்காவைப் பாதுகாக்கப் போராடுபவர். கிராமத்தில் ஒரு மூதாட்டி மசாலா இடித்துக்கொண்டிருந்த கல்லைப் பார்த்து, அது டைனோசர் முட்டை என்று தான் கண்டுபிடித்த கதையை அவர் பேட்டிகளில் சொல்வதுண்டு. 2019-ல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

கல்லமேடு

இதைப் படிக்கிற நமக்கு அருகிலேயே ஒரு ஊர் இருக்கிறது: அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு. அங்கே கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளை வைத்து 1980களின் பிற்பகுதியில் பி. யாதகிரி, கே. அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் ‘ப்ருஹத்காயோசாரஸ் மாட்லியி’ என்று பெயரிட்டார்கள். ஜபல்பூரில் தோண்டிய அதே மாட்லி, திருச்சி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றியும் எழுதியவர். அவர் நினைவாகத்தான் இந்தப் பெயர். முதல் கட்டுரை அதை ஊனுண்ணி என்றது. முழங்காலுக்குக் கீழுள்ள ஓர் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம்! அவ்வளவு பெரிய ஊனுண்ணி இருக்க வழியில்லை, இது நெடுங்கழுத்துத் தாவரவுண்ணிதான் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள்.

சரிபார்க்க எலும்பு இல்லை. கல்லமேட்டின் எலும்புகள் உதிரும் தன்மை கொண்டவை. பாதுகாப்புப் பூச்சுக்குள் இருக்கும்போதே பொடிந்துபோயின. வெகுகாலம் கோட்டோவியங்கள் மட்டுமே கைவசம் இருந்ததால், அது எலும்பா, கல்லாகிப்போன மரமா என்றுகூடச் சந்தேகித்தவர்கள் உண்டு. அகழ்வின்போது எடுத்த புகைப்படங்கள் 2022-ல் வெளியான பிறகுதான் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஆதாரம் கிடைத்தது. எலும்பு போன பிறகு, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்து, புகைப்படம் சாட்சி சொல்கிறது.

அரியலூரிலும் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். ரையோலியில் முட்டையை முதலில் கையில் எடுத்தது சுரங்கத் தொழிலாளிதான். இங்கேயும் அடுத்த எலும்பை முதலில் பார்க்கப்போவது அநேகமாக ஒரு தொழிலாளியோ, ஆடு மேய்க்கிறவரோ, ஓடையில் விளையாடும் பள்ளிப் பிள்ளையோதான். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பெயர்த்து எடுக்காதீர்கள். இருக்கும் நிலையிலேயே, பக்கத்தில் ஒரு அடிக்கோலோ பேனாவோ வைத்து, நாலு பக்கமிருந்தும் செல்போனில் படம் எடுங்கள். இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ, புவியியல் ஆய்வுத் துறைக்கோ, அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் ஆசிரியருக்கோ தகவல் கொடுங்கள். 1983-ல் ஸ்ரீவஸ்தவா கையால் வரைந்த வேலையில் பெரும்பகுதியை, இன்று சட்டைப்பையிலிருக்கும் போன் ஐந்து நிமிடத்தில் செய்துவிடும்.